வாடகைக்குக் குடியிருந்த ராஜா

ஒண்ணாந் தேதி சம்பளம், அஞ்சாம் தேதி வாடகை, ஆறாம் தேதி கைமாற்று என்று வாழ்கிற ஆசாமியா நீங்கள்? சுவரில் ஆணி அடிக்காதே, ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் போடாதே, ஊரிலிருந்து அத்தை வந்தால் மூணு நாளைக்கு மேல் தங்க வைக்காதே என்று ஹவுஸ் ஓனர் சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் புழுங்குகிறவரா? மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கட்சியில் ஒரு மகாராஜாவே இருந்திருக்கிறார். வீடு அவர் இழைத்து இழைத்துக் கட்டினது. சுற்றிலும் உள்ள நாடு அவர் சண்டை போட்டுப் பிடித்தது. அத்தனையையும் ஒரு நாள் ஒருத்தர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஒருத்தருக்கு மேல்மாடியை ஒதுக்கிவிட்டு, தான் கீழ்மாடியில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்த வீடு பத்மநாபபுரம் அரண்மனை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரோட்டில் தக்கலை. அங்கே இறங்கி ஒரு 2 கிலோமீட்டர் உள்ளே போனால் கோட்டைச் சுவர்; சுவருக்குள் தெரு; தெருக் கோடியில் ஓட்டுக் கூரை. எங்கள் பக்கத்து ஆட்கள் இதை அரண்மனை என்று சொல்ல மாட்டார்கள். 'கொட்டாரம்'தான். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கொட்டாரம் என்ற பெயரில் ஒரு ஊரே இருக்கிறது. நாகர்கோவிலில் நின்றுகொண்டு "கொட்டாரம் போவுமா?" என்று கேட்டால், கண்டக்டர் ரொம்ப நல்ல மனசோடு உங்களை நேர் எதிர்த் திசையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். "தக்கலை" என்று கேளுங்கள்.

முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அரண்மனை என்றால் நமக்கு மைசூர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆயிரக்கணக்கான பல்பு எரிய வேண்டும். இங்கே ஒன்றும் கிடையாது. பெரிய பண்ணையார் வீடு மாதிரி சரிந்த ஓட்டுக் கூரை, முகப்பில் கொஞ்சம் மரவேலை. "இதுக்குத்தானா லீவு போட்டேன்?" என்று தோன்றும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள்.

முதலில் பூமுகம். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க மரத்தில் செதுக்கின பூக்கள். மொத்தம் 90. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. நடுவில் சங்கிலியில் தொங்குகிறது குதிரை விளக்கு. ஓரத்தில் வழவழவென்று ஒரு கருங்கல் கட்டில். மேலே ஏறினால் மந்திரசாலை. மந்திரிசபை கூடுகிற இடம். நம் ஆபீஸ் கான்ஃபரன்ஸ் ஹாலில் பாதிகூட இருக்காது. ஆனால் உட்கார்ந்து யோசிக்க இதைவிட நல்ல அறையை நான் பார்த்ததில்லை. மரச் சட்டங்களைச் சரிவாக அடுக்கி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். காற்று வரும், வெயில் வராது. அங்கங்கே கலர் மைக்கா. வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே குளுகுளுவென்று இருட்டு. உள்ளே இருந்து பார்த்தால் தெரு தெரியும். தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே யார் என்ன தீர்மானம் போடுகிறார்கள் என்று தெரியாது. அந்த ஏற்பாடு மட்டும் இன்றைக்கும் எல்லா மந்திரிசபையிலும் அப்படியே இருக்கிறது.

தரையைக் குனிந்து பாருங்கள். முகம் தெரியும். கறுப்புக் கண்ணாடி. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டித் தண்ணீர் என்று கைடு ஒரு பக்குவம் சொல்வார். இன்னொரு கைடு இன்னும் இரண்டு அயிட்டம் சேர்த்துச் சொல்வார். கேட்டால் ஓட்டல் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ஆனால் தரை இரண்டு நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. போன வருஷம் போட்ட டைல்ஸ் இந்த வருஷம் டொக் டொக் என்று சத்தம் போடுகிற வீட்டில் குடியிருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பெருமூச்சு விடலாம்.

சரி, யார் வீடு இது? இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் என்ற வேணாட்டு அரசர் கட்டினதாகச் சொல்கிறார்கள். அப்போது ஊர்ப் பெயர் கல்குளம். (தாலுகாவுக்கு இன்னும் அதே பெயர்தான்.) வளாகத்துக்குள்ளே ரொம்பப் பழசு தாய்க்கொட்டாரம். அம்மா வீடு. வாசலே நம்மைக் குனிய வைக்கிறது. உள்ளே நாலுகட்டு முற்றம், ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கின ஒரு தூண். அப்பா வீடு என்று ஒன்று ஏன் இல்லை என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால் நாஞ்சில் நாட்டு வரலாற்றில் பாதி புரிந்துவிடும்.

மருமக்கள் வழி. ராஜா செத்தால் பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. ராஜா வீட்டு அம்மா என்றால் ராஜாவின் மனைவி இல்லை. ராஜாவின் தாய், அவர் இல்லாவிட்டால் சகோதரி. கட்டின மனைவி ராணி ஆக மாட்டார். பெற்ற பிள்ளை இளவரசன் ஆக மாட்டான். அவனுக்கு 'தம்பி' என்று ஒரு பட்டம் கொடுத்து, நிலம் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் அத்தை மகன் உட்காருவான். இந்த முறை கொட்டாரத்தோடு நிற்கவில்லை. எங்கள் நாஞ்சில் நாட்டு வேளாளர்களையும் பிடித்து ஆட்டியது. கோர்ட் கேஸ் என்று குடும்பம் குடும்பமாக அழிந்ததைப் பார்த்துத்தான் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று கிண்டலாக ஒன்று எழுதினார். சிரிப்பு வரும், கூடவே வயிறு எரியும். 1926-ல் சட்டம் போட்டு மாற்ற வேண்டி வந்தது.

கொட்டாரத்தில் அந்தச் சிக்கல் கோர்ட்டுக்குப் போகவில்லை. கத்திக்குப் போனது.

1729-ல் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்குப் பட்டம். இறந்த ராஜாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் "நாங்க என்ன ஆனோம்?" என்று கிளம்பினார்கள். அவர்கள் பக்கம் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பெரிய நிலப்பிரபுக்கள். பட்டத்துக்கு வருவதற்கு முன்பே மார்த்தாண்டவர்மாவைத் தீர்த்துக்கட்டத் துரத்தியிருக்கிறார்கள். இளவரசர் ஊர் ஊராக மாறுவேஷத்தில் ஓடினார். ஒரு தடவை நெய்யாற்றின்கரையில் பலாமரப் பொந்துக்குள் புகுந்து உயிர் தப்பினார் என்பது கதை. 'அம்மச்சி பிலா' என்று அந்த மரத்தை இன்றைக்கும் அங்கே கோயில் வளாகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

அப்படி மரப்பொந்தில் ஒண்டின மனுஷன் ராஜா ஆனதும் என்ன செய்வார்? தம்பிமார் இரண்டு பேரும் நாகர்கோவில் கொட்டாரத்தில் கொல்லப்பட்டார்கள். எட்டு வீட்டுக்காரர்களைத் தூக்கில் போட்டார். அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரையில் மீனவர்களிடம் ஒப்படைத்ததாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு 'உள்நாட்டுக் குழப்பத்தை அடக்கினார்' என்று ஒரு வரி. எங்கள் ஊர் வில்லுப்பாட்டில் வேறே கணக்கு. 'வலிய தம்பி குஞ்சு தம்பி கதை' என்று தம்பிமாரைத் தலைவர்களாக்கி, கேட்கிறவர்கள் கண்ணில் தண்ணி வரும்படி பாடுவார்கள். தோற்றவனுக்குக் கல்வெட்டு இல்லை என்றால் என்ன, வில்லும் குடமும் இருந்தால் போதாதா? ராஜா ஜெயித்தார் என்பதை எங்கள் பாட்டிமார் ஒப்புக்கொள்வார்கள். அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

மார்த்தாண்டவர்மா குட்டி சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே வடக்கே போனார். மிளகு வியாபாரத்துக்கு இது ஆபத்து என்று டச்சுக்காரன் கப்பலில் வந்து குளச்சலில் இறங்கினான். 1741 ஆகஸ்ட் 10, குளச்சல் போர். டச்சுக் கம்பெனி தோற்றது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை இந்த மண்ணின் ராஜா ஒருத்தர் அடித்துத் துரத்தினது அந்தக் காலத்தில் சாதாரண சங்கதி இல்லை. அந்த வெற்றி தந்த தெம்பில்தான் 1744 வாக்கில் கொட்டாரத்தைப் புதுப்பித்தார். மண் கோட்டை கல் கோட்டை ஆயிற்று. ஊர்ப் பெயரும் கல்குளத்திலிருந்து பத்மநாபபுரம் ஆனது.

பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தக் காரியம். 1750 ஜனவரி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போனார். உடைவாளைப் படிக்கட்டில் வைத்தார். நாடு, படை, கஜானா, கொட்டாரம் எல்லாம் பத்மநாபனுக்கு என்று எழுதிக் கொடுத்தார். 'திருப்படிதானம்' என்று பெயர். அன்றிலிருந்து திருவிதாங்கூர் ராஜா ராஜா இல்லை. 'பத்மநாபதாசன்'. சாமி முதலாளி, இவர் மேனேஜர்.

பக்தியா, பாலிடிக்ஸா? இரண்டும்தான் என்பது என் அபிப்பிராயம். பாதி நாடு வெட்டிப் பிடித்தது. பழைய ராஜாக்கள் அங்கங்கே கறுவிக்கொண்டு இருக்கிறார்கள். ராஜாவை எதிர்த்தால் ராஜத் துரோகம்; சாமியை எதிர்த்தால் பாவம். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்திலேயே பிள்ளையார் கோயிலும் கட்டின மாதிரி. ஆனால் வெறும் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. வந்து இந்த உப்பரிகை மாளிகையைப் பாருங்கள்.

நாலு அடுக்கு. அடியில் கஜானா. அதற்கு மேலே ராஜா படுக்கை. அதற்கும் மேலே அவர் விரதம் இருக்கிற அறை. உச்சியில் சாமி. உச்சி அறையில் சாமிக்கு ஒரு கட்டில், தூங்கா விளக்கு, சுற்றிலும் சுவர் முழுக்கப் புராண ஓவியங்கள். சுவரில் விரல்கடை இடம் சும்மா விடவில்லை. பொது ஜனம் அங்கே ஏறிப் போக முடியாது, ஓவியம் கெட்டுவிடும். படுக்கை அறை வரைக்கும் பார்க்கலாம். அங்கே ராஜா கட்டில். 64 வகை மூலிகை மரத்தில் செய்தது, டச்சுக்காரன் கொடுத்தது என்பார் கைடு. ஒரே பலாமரத்தின் பொந்தில் கிடந்தவருக்கு அப்புறம் 64 மரம்! இத்தனை மூலிகை வாசனையில் மனுஷனுக்குத் தூக்கம் வந்திருக்குமா என்று கேட்கக் கூடாது. தம்பிமார் கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரும்.

தலைக்கு மேல் முதலாளி, காலுக்குக் கீழே பணம், நடுவில் இவர். இதைவிட நேர்மையான அரண்மனை பிளான் எனக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை.

அவரோடு இந்த வீட்டில் நடமாடினவர்களும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. ராமய்யன் தளவாய். திருநெல்வேலிச் சீமை ஏர்வாடிக்காரர், ஏழைக் குடும்பம். ஒரு கதை சொல்வார்கள். இளவரசர் ஒரு வீட்டில் இருந்தபோது விளக்குத் திரியைத் தூண்டச் சொன்னாராம். பையன் ராமய்யன் நேராகத் திரியில் கை வைக்கவில்லை. முதலில் இன்னொரு விளக்கைப் பொருத்தி வைத்துக்கொண்டான். தூண்டும்போது இது அணைந்துபோனால் அறை இருட்டாகிவிடும் அல்லவா? இவ்வளவுதான் இன்டர்வியூ. உத்தியோகம் கிடைத்து, பின்னால் தளவாய் வரைக்கும் வந்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்து வைக்காமல் ஃபைலை அழித்துவிட்டு முழிக்கிற என் நண்பர்கள் சிலருக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வதுண்டு. பிரயோஜனம் இல்லை.

இன்னொருத்தர் டிலனாய். குளச்சலில் தோற்றுப் போய்க் கைதியான டச்சுப் படைத் தளபதி. ராஜா இவரைத் தலை எடுக்கவில்லை. "உனக்குத் தெரிஞ்ச வித்தையை என் ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடு" என்று வேலைக்கு வைத்துக்கொண்டார். எதிரிக் கம்பெனி ஆளை இழுத்து நல்ல சம்பளத்தில் போடுகிற இன்றைய டெக்னிக்கை அன்றைக்கே செய்திருக்கிறார். டிலனாய் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார், உதயகிரியில் பீரங்கி வார்த்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார். 'வலிய கப்பித்தான்' ஆனார். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து 1777-ல் இங்கேயே செத்தார். புலியூர்க்குறிச்சியில் ரோட்டோரம் இருக்கிற உதயகிரிக் கோட்டைக்குள்ளே சமாதி. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டி இருக்கிறது.

அவர் ஏன் கோட்டைக்குள் குடியிருந்தார், கொட்டாரத்துக்குள் இல்லை? கிறிஸ்தவர். கொட்டாரத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. ராஜாவுக்குச் சிம்மாசனத்தை நிலைநாட்டிக் கொடுத்த தளபதி ராஜா வீட்டு வாசல்படி தாண்டக் கூடாது. இன்றைக்கு நீங்கள் கொட்டாரத்துக்குள்ளே போனால் ஒரு பெரிய ஓவியம் மாட்டி இருக்கிறது. குளச்சலில் டிலனாய் மார்த்தாண்டவர்மாவிடம் சரண் அடையும் காட்சி. உயிரோடு இருந்தபோது உள்ளே விடவில்லை. படமாக உள்ளே வந்துவிட்டார். அதிலும் மண்டியிட்ட கோலத்தில்.

மூன்றாவது ஆள்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர். நீலகண்டப் பிள்ளை. நட்டாலத்துக்காரர். ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. உங்களையும் என்னையும் மாதிரி ஆபீஸ் ஆசாமி. கொட்டாரத்து உத்தியோகம், நீலகண்டசாமி கோயில் கணக்கு வழக்கு. மாடு கன்று செத்து, வெள்ளாமை போய் மனம் உடைந்து இருந்த சமயம் டிலனாயிடம் பழக்கம் ஏற்பட்டது. அவர் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று 'தேவசகாயம்' ஆனார்.

1749-ல் கைது. எருமை மேல் உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடி உதை. கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியதுதான் காரணம் என்கிறது திருச்சபை. இல்லை, விவகாரம் வேறே என்று வாதாடுகிற வரலாற்றுக்காரர்களும் உண்டு. எதுவானாலும் அந்த மனுஷன் பட்ட பாட்டில் ஒரு அடிகூடக் குறைந்துவிடப் போவதில்லை. கொட்டாரத்து மியூசியத்தில் மனுஷ உருவத்தில் வளைத்துச் செய்த ஒரு இரும்புக் கூண்டு இருக்கிறது. குற்றவாளியை அதில் அடைத்து மரத்தில் தொங்கவிடுவார்களாம். அதைப் பார்த்துவிட்டு மறுபடி பூமுகத்துக்கு வந்து அந்த 90 பூவையும் அண்ணாந்து பாருங்கள். இரண்டும் ஒரே வீட்டுச் சாமான்.

2022 மே 15. ரோமில் போப் பிரான்சிஸ், தேவசகாயம் பிள்ளையைப் புனிதர் என்று அறிவித்தார். பாதிரியாரோ துறவியோ அல்லாத, குடும்பஸ்தரான இந்தியர் ஒருவர் புனிதர் ஆனது அதுதான் முதல் தடவை. கொட்டாரத்தில் குடியிருந்த அத்தனை ராஜாக்களிலும் யாருக்கும் கிடைக்காத பதவி, அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவருக்கு.

ராஜாவும் தளவாயும் தளபதியும் உத்தியோகஸ்தரும் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? ஊட்டுப்புரை என்று ஒரு மண்டபம். இரண்டு அடுக்கு. ஒரு அடுக்குக்கு ஆயிரம் பேர், மொத்தம் 2000 பேர் ஒரே பந்தியில் உட்காரலாம். மூலையில் ஆள் உயர ஊறுகாய்ச் சாடிகள். தினசரி இலவசச் சாப்பாடு என்று கைடு சொன்னதும் கூட்டத்தில் 'ஆஹா' என்று ஒரு சத்தம் எழும். யாருக்குச் சாப்பாடு என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளில் பந்தி பிராமணர்களுக்குத்தான். அரிசியை விளைவித்தவன் வாசலுக்கு எத்தனையோ அடி தள்ளி நிற்க வேண்டும். தலைக்கு வரி வேறு கட்ட வேண்டும். இதே கல்குளம், இரணியல் பகுதியில்தான் பிறகு நாடார் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காகப் பல வருஷம் அடிபட்டார்கள். 1859-ல்தான் ராஜா பிரகடனம் போட்டார். இப்போது டிக்கெட் வாங்கினால் யாரும் ஊட்டுப்புரைக்குள் போகலாம். சாப்பாடுதான் இல்லை.

முற்றத்தில் ஒரு கல் உருண்டை இருக்கிறது. 38 கிலோ. இதைத் தலைக்கு மேல் 101 தடவை தூக்கினால்தான் படையில் சேர்ப்பார்களாம். சுற்றுலா வருகிற காலேஜ் பையன்கள் முதல் வேலையாகச் சட்டைக் கையை மடிப்பார்கள். கூட வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாக மடிப்பார்கள். மடிப்பதோடு சரி. காவலாளி வந்து "தொடாதேயும் வே" என்று விரட்டியதும் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி தெரியும்.

மார்த்தாண்டவர்மா 1758-ல் காலமானார். அடுத்தது மருமகன் தர்மராஜா. அவர் காலத்தில் நாடு இன்னும் வடக்கே நீண்டது. திப்பு படையெடுப்பு வந்தது. தெற்குக் கோடியில் உட்கார்ந்துகொண்டு இத்தனை நீளமான நாட்டை ஆள முடியாது என்று 1795-ல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். அத்தோடு வீடு காலி. அரசர்கள் விசேஷங்களுக்கு வந்து போனார்கள். குடியிருக்க யாரும் வரவில்லை. 1930-களில் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் தொல்பொருள் துறை இதைக் கையில் எடுத்து, பழுது பார்த்து, மியூசியம் ஆக்கினது. செய்திருக்காவிட்டால் கரையான் சாப்பிட்டிருக்கும். மரத்தில் இவ்வளவு பெரிய அரண்மனை தப்பிப் பிழைத்தது ஆசியாவிலேயே அபூர்வம். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. உத்தேசம் இன்னும் உத்தேசமாகவே இருக்கிறது.

நடுவில் மறுபடி அந்தப் பழைய கேள்வி வந்தது. யார் வீடு?

நாங்கள் தமிழ் பேசுகிற ஆட்கள், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் கிளர்ச்சி. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. நிலம் வந்தது, வயல் வந்தது, கடல் வந்தது. கொட்டாரம் மட்டும் கேரளாவிடமே நின்றுவிட்டது.

பாகப் பிரிவினையில் தோட்டம் தம்பிக்கு, நடுவில் நிற்கிற பலாமரம் மட்டும் அண்ணனுக்கு என்று எழுதின மாதிரி. கோட்டைக்குள் இருக்கிற ஊர் தமிழ்நாட்டு முனிசிபாலிட்டி. பத்மநாபபுரம் தொகுதி எம்.எல்.ஏ. சென்னையில் போய் உட்காருகிறார். கொட்டாரத்துப் படியேறினால் கேரளத் தொல்பொருள் துறை. டிக்கெட் காசு திருவனந்தபுரம் கஜானாவுக்கு. இதற்காக எங்கள் ஊரில் அவ்வப்போது மீட்டிங் போட்டு மைக்கில் கத்துவதுண்டு. என் கருத்தைக் கேட்டால், தச்சு வேலை தெரிந்தவன் கையில் இருக்கிறவரை இருக்கட்டும் என்பேன். இதை மட்டும் டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். டம்ளர் பறந்து வரும்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு கவர்மென்டும் ஒரே வாசலில் நிற்கும். நவராத்திரிக்கு முன்னால். கொட்டார வளாகத்துக்குள் ஒரு சரஸ்வதி கோயில். அந்த விக்கிரகம் கம்பர் பூஜை செய்தது, சேர ராஜாவிடம் வந்து சேர்ந்தது என்பது ஐதீகம். முன்பெல்லாம் நவராத்திரி இங்கேயேதான், அந்தக் கருங்கல் நவராத்திரி மண்டபத்தில். கச்சேரி, நாட்டியம், ராஜ குடும்பத்துப் பெண்கள் மரத்தடுப்பில் உள்ள சின்னச் சின்னத் துளை வழியாகப் பார்ப்பார்கள். தலைநகர் போனது. சுவாதித் திருநாள் காலத்திலிருந்து சாமியும் விழாவுக்குத் திருவனந்தபுரம் போக ஆரம்பித்தது. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை - மூணு பேரும் புறப்படுவார்கள். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை எடுத்துக் கைமாற்றுவார்கள். தமிழ்நாடு போலீஸ் ஒரு பக்கம், கேரளா போலீஸ் ஒரு பக்கம் அணிவகுத்து மரியாதை செய்யும். அன்றைக்குக் கொட்டாரத்து முற்றத்தில் நிற்க இடம் கிடைக்காது. குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கி ஊர்வலம் போய்ச் சேரும்.

ராஜாக்கள் போனார்கள், திரும்பவில்லை. தளவாய்களும் அப்படியே. சரஸ்வதி மட்டும் ஒன்பது நாள் பூஜையை முடித்துக்கொண்டு, அதே ரோட்டில், வருஷா வருஷம் கல்குளத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறாள்.

போகிறவர்கள் திங்கட்கிழமை போக வேண்டாம். அன்றைக்கு லீவு.